தங்கக் காசில் தானாக ஏறிய நிறம்: எது இயற்கை, எது செய்கை?

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. வெள்ளிக் காசின் டோனிங், அதாவது நாளடைவில் மேற்பரப்பில் தானாக ஏறும் நிறம், பற்றி இங்கே பல இழைகள் ஓடியிருக்கின்றன. தங்கக் காசுக்கென்று ஒன்றுகூட இல்லை. "தங்கம் கறுக்காது" என்று யாராவது ஒரு வரி போட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் பழைய பிரிட்டிஷ் சவரன் காசுகளையும் அமெரிக்க இருபது டாலர் காசுகளையும் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிலவற்றில் விளிம்போரம் செம்பு நிறம் படர்ந்திருக்கும், சிலவற்றில் ஊதா, அபூர்வமாக நீலம்கூட.

நான் சேகரிப்பது ஐந்தாம் ஜார்ஜ் சவரன்கள். அதிலும் 1918 பம்பாய் சவரன் மேல் தனிப் பிரியம். பிரிட்டிஷ் நாணயசாலையான ராயல் மின்ட்டின் பம்பாய்க் கிளை சவரன் அடித்தது அந்த ஆண்டு முத்திரையோடு மட்டும்தான், சுமார் 13 லட்சம் காசுகள். பின்பக்கம் குதிரை வீரர் உருவம் இருக்கும்; தேதிக்கு மேலே, குதிரை நிற்கும் தரைக்கோட்டின் நடுவில் சின்னதாக ஓர் ஆங்கில 'ஐ' (I) எழுத்து இருந்தால் அது பம்பாய்.

அப்படிப்பட்ட காசு ஒன்று அண்மையில் கைக்கு வந்தது. அரசர் தலை இடப்பக்கம் பார்க்கிறது அல்லவா, அவர் பிடரிக்குப் பின்னால் வலது விளிம்பை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு நிறப்பட்டை. உள்ளே ஆரஞ்சு, அதைத் தாண்டிச் சிவப்பு, கடைசியில் விளிம்பில் ஊதா. பின்பக்கம் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி. படங்கள் இணைத்திருக்கிறேன்.

மூன்று கேள்விகள். இது இயற்கையா? இப்படிப்பட்ட நிறத்துக்குக் கூடுதல் விலை தரலாமா? எப்படிப் பத்திரப்படுத்துவது?

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிறம், நெடுநாளாக யாரும் அந்தக் காசைக் கழுவவில்லை, தேய்க்கவில்லை என்பதற்குச் சாட்சி. நான் அதைத் தேடுவது முதலில் அதற்காகத்தான். அழகு அடுத்தபடி.

---

பட்டறைக்காரர்

தம்பி, கடையில உட்கார்ந்து பார்த்ததைச் சொல்றேன். நம்ம ஊர்ல இந்த மாதிரி காசு பிழைச்சு வர்றதே அபூர்வம். பழைய ஜார்ஜ் காசு, ராணி காசு வீட்ல இருந்து வெளிய எடுத்தா, முதல் வேலையா பூந்திக்கொட்டைத் தண்ணில ஊறப்போட்டு பிரஷ்ஷால தேய்ப்பாங்க. இல்லன்னா புளி. விக்கிறதுக்குக் கொண்டு வர்றவங்க "பளிச்சுனு இருந்தாத்தான் கடைக்காரர் நம்புவார்"னு நினைச்சு கழுவிட்டே வருவாங்க. வாங்குறவங்களும் அப்படித்தான். புள்ளி இருந்தா "மாத்து கம்மியா"னு கேட்பாங்க. உரசிக் காட்டினாத்தான் அடங்குவாங்க.

பட்டறைக்குப் போயிட்டா இன்னும் மோசம். நெருப்புல காட்டி ஆசிட்ல போட்டா மேல இருக்கிற செம்பெல்லாம் போயி எலுமிச்சை மஞ்சள் மாதிரி வெளிறிடும். பார்க்கப் புதுசா இருக்கும். காசு சேர்க்கிறவருக்கு அது செத்த காசு.

உங்க படத்துல இருக்கிற புள்ளி எனக்கு நல்லாத் தெரியுது. அது செம்புப் புள்ளி. அதைச் சுரண்டவே சுரண்டாதீங்க.

---

விலைகேட்பவன்

22 காரட் என்றால் கிட்டத்தட்ட முழுத் தங்கம்தானே? பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு இவ்வளவு நிறம் காட்டுமா? சந்தேகமாகவே இருக்கிறது.

---

உலோகவியலார்

நல்ல கேள்வி. எடைக் கணக்கில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அணுக் கணக்கில் பாருங்கள்.

சவரனின் எடை 7.988 கிராம். ஆயிரத்தில் 916.67 பங்கு தங்கம், மீதி 83.33 பங்கு செம்பு. தங்க அணுவின் எடை 197, செம்பு அணுவின் எடை 63.5. செம்பு அணு மூன்று மடங்கு இலேசு என்பதால், அதே எடைக்கு மூன்று மடங்கு அணுக்கள். கணக்குப் போட்டால் சவரனில் நூற்றுக்கு 22 அணுக்கள் செம்பு. ஆயிரத்தில் 900 தரமுள்ள பழைய அமெரிக்கக் காசுகளில் நாலு அணுவில் ஒன்று செம்பு. மேற்பரப்பில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று செம்பு நின்றால் நிறம் ஏறாமல் என்ன செய்யும்?

தூய தங்கம் சாதாரண வெப்பத்தில் காற்றோடும் ஈரத்தோடும் கந்தகத்தோடும் வினை புரிவதில்லை. வினை புரிவது செம்பு. கலப்பில் வெள்ளி இருந்தால் வெள்ளியும். செம்பு ஆக்சைடாகவும் சல்ஃபைடாகவும் மாறி மேலே மெல்லிய படலமாகப் படிகிறது. படலத்தின் மேற்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. மழை பெய்த ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில்லாகத் தெரிவதும் இதே கணக்குதான். படலத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போது இந்த விளையாட்டு நடக்கிறது.

அப்படியானால் எல்லாச் சவரனும் ஏன் சிவக்கவில்லை? காசு அடிக்கும் முறையே காரணம். தகட்டை உருட்டி வில்லைகளாக வெட்டி, சூடேற்றி மென்மையாக்கி, பிறகு நீர்த்த அமிலத்தில் போட்டு எடுப்பார்கள். சூட்டில் ஆக்சைடான செம்பு அமிலத்தில் கரைந்துவிடும். மேலே செம்பு குறைந்த, தங்கம் மிகுந்த மெல்லிய தோல் ஒன்று நிற்கும். அந்தத் தோல்தான் காசைக் காக்கிறது. தோல் மெலிந்த இடத்திலும், உருக்கும்போது செம்பு சரியாகக் கலக்காமல் திட்டாக நின்ற இடத்திலும் நிறம் முந்திக்கொள்ளும். வைகைக்கரையின் காசில் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி இரண்டாவது வகை.

இன்னொன்று. தங்கக் காசில் நீலம் ஏன் அபூர்வம் என்பதற்கும் காரணம் உண்டு. தங்கம் நீல ஒளியை நிறையவே விழுங்கிவிடும். அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. அடியில் இருக்கும் உலோகம் நீலத்தைத் திருப்பி அனுப்பாதபோது மேலே இருக்கும் படலம் மட்டும் எப்படி நீலம் காட்டும்? வெள்ளியில் எளிதாக வரும் நீலமும் பச்சையும் தங்கத்தில் மங்கலாகவே வரும். தங்கக் காசில் மயில்கழுத்து நீலம் பளீரென்று அடித்தால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

---

விலைகேட்பவன்

அணுக் கணக்கு புதிது. நன்றி சார். அப்படியென்றால் 24 காரட், 999.9 காசில் சிவப்புப் புள்ளி வந்தால் அது போலியா?

---

உலோகவியலார்

போலி என்று சொல்லிவிட முடியாது. உயர்தரத் தங்கத்திலும் சிவப்புக் கறை வருவது பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரிய டக்காட் காசு ஒன்றில் தோன்றிய சிவப்புக் கறையை நுண்கருவிகளால் ஆராய்ந்தபோது கறையில் கிடைத்தவை வெள்ளியும் கந்தகமும். வேறு உலோகத் துகள் ஒன்று அச்சிடும்போது மேற்பரப்பில் அழுந்தியிருந்தால் போதும், அந்த இடம் மட்டும் பின்னாளில் சிவக்கும். புள்ளியை வைத்துக் காசின் தரத்தைத் தீர்மானிக்காதீர்கள். எடை, விட்டம், அடர்த்தி பாருங்கள். சவரனுக்கு விட்டம் 22.05 மில்லிமீட்டர்.

---

மேப்பிள்தெரு

வணக்கம் அண்ணை. நான் இஞ்ச டொராண்டோவில இருந்து அமெரிக்கத் தங்கக் காசுகள் சேர்க்கிறன். வைகைக்கரை அண்ணை சொன்ன மாதிரிக் காசுகள் இந்தப் பக்கம் கொஞ்சம் கூடவாகவே காணலாம். காரணம், கனக்கக் காசு வீட்டில புழங்காமல் வங்கிப் பெட்டகங்களில துணிப்பைக்குள்ளயே கிடந்தது. பை விளிம்பு பட்ட பக்கம் ஒரு நிறம், பக்கத்துக் காசு மூடின இடம் பழைய மஞ்சள். அந்த எல்லைக்கோடு வளைஞ்சு தெரியேக்க, இன்னொரு காசு மேல கிடந்திருக்குது எண்டு உடனே விளங்கும்.

கடலுக்குள்ளால வந்ததுகளும் இருக்குது. 1857 செப்டெம்பரில எஸ்எஸ் சென்ட்ரல் அமெரிக்கா எண்ட கப்பல் கரோலைனா கரைக்கு அப்பால் சூறாவளியில மூழ்கினது. 1988இல இருந்து அதின்ர தங்கத்தை எடுத்தவை. சான்பிரான்சிஸ்கோவில அடிச்ச 1857ஆம் ஆண்டு இருபது டாலர் காசு மட்டும் ஐயாயிரத்துக்கு மேல. கப்பலின்ர இரும்பு துருவாகி காசுகளில படிஞ்சு இருந்தது. அதை நீக்கின பிறகு அடிச்ச நாள் மினுக்கம் அப்பிடியே இருந்த காசுகள் கனக்க. சிலதில ஆரஞ்சும் ஊதாவும் விளிம்பில நிண்டது. ஆனால் துரு வேற, டோனிங் வேற. துரு மேல ஒட்டின பொருள். டோனிங் காசின்ர உலோகமே மாறினது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆக்கள் காசு குடுக்கினம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லவேணும். ஜோர்ஜியா மாநிலத்தில டலோனிகா எண்ட இடத்தில 1838 தொடக்கம் 1861 வரைக்கும் ஒரு நாணயசாலை இருந்தது. அங்க அடிச்ச காசுகளில லேசான பச்சைச் சாயல் தெரியும். உள்ளூர்த் தங்கத்தில இயற்கையாவே வெள்ளி இருந்ததால வந்த உடம்பு நிறம் அது. மேல ஏறினது இல்லை. அதை "பச்சை டோனிங்" எண்டு விக்கிறவையைக் கண்டிருக்கிறன்.

---

வைகைக்கரை

மேப்பிள்தெரு, பக்கத்துக் காசு மூடிய எல்லைக்கோடு என்று சொன்னீர்களே, அதைப் படித்ததும் என் காசைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிறையின் உள்விளிம்பு சரியான வட்டவளைவாக இருக்கிறது. மேலே ஒரு சவரன் கொஞ்சம் நகர்ந்து கிடந்திருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அடுக்கி வைத்த காசுகளில் ஒன்றோ?

---

மேப்பிள்தெரு

அப்பிடித்தான் இருக்கவேணும் அண்ணை. ஒரே அளவுக் காசு ஒண்டை அதுக்கு மேல வைக்கிற மாதிரிக் கணினியில ஒரு வட்டம் போட்டுப் பாருங்கோ. காசில வைச்சுப் பாக்காதேங்கோ, உரசும்.

---

நெல்லைப் பழங்காசு

பழங்காலக் காசுப் பக்கம் இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கக் காசின் நிறத்துக்காகவே உலகம் முழுவதும் பெயர் சொல்லித் தேடப்படும் புதையல் ஒன்று உண்டு: பொஸ்கோரியாலே.

இத்தாலியில் பொம்பேயிக்குப் பக்கத்து ஊர் அது. 1895ஆம் ஆண்டு அங்கே பிசானெல்லா என்ற இடத்தில் பண்ணைவீடு ஒன்றைத் தோண்டியபோது, திராட்சை ரசம் பிழியும் பகுதியின் தொட்டியில் வெள்ளிப் பாத்திரங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரோமானியத் தங்கக் காசுகளும் கிடைத்தன. கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது புதைந்தவை. வெள்ளிப் பாத்திரங்களில் பெரும்பகுதி பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தங்கக் காசுகள் சந்தையில் சிதறின.

அந்தக் காசுகளில் சிலவற்றின் மேல் செம்பூவும் ஊதாவும் கலந்த ஒரு நிறம் நிற்கிறது. நீரோ, வெஸ்பாசியன் போன்ற ரோமானியப் பேரரசர்களின் முகத்தைச் சுற்றி, எழுத்துகளின் பள்ளத்தில் அடர்ந்து, மேட்டில் வெளிறி. எரிமலைச் சூழலின் சூடும் கந்தகமும்தான் காரணம் என்று சேகரிப்பவர்கள் சொல்கிறார்கள். ரோமானிய ஆரியஸ் காசு அந்தக் காலத்தில் ஏறக்குறைய தூய தங்கம் என்பதை நினைத்தால், அப்படியோர் அசாதாரணச் சூழல் இல்லாமல் அதில் நிறம் ஏறுவது கடினம்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். பொஸ்கோரியாலே என்ற பெயருக்கு விலை உண்டு என்று தெரிந்தபிறகு, செம்பூ நிறமுள்ள ஆரியஸ் எதைக் கண்டாலும் அந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். நிறம் ஒரு காசின் பிறப்பிடத்தை நிரூபிக்காது. பழைய ஏலப் பட்டியலில் அந்தக் காசே படமாக இருக்க வேண்டும், கைமாறிய வரலாறு இருக்க வேண்டும். கி.பி. 79க்குப் பிறகு அடித்த காசு பொஸ்கோரியாலேயில் கிடைத்திருக்க முடியாது என்ற எளிய கணக்கைக்கூடப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் உண்டு. டொமிஷியன் 81இல் பேரரசரானவர். பேரரசர் பட்டத்தோடு அவர் அடித்த ஆரியஸில் அந்தப் பெயர் ஒட்டியிருந்தால் உடனே நகர்ந்துவிடுங்கள்.

அதே முதல் நூற்றாண்டு ஆரியஸ்கள் நம் மண்ணிலும் கிடைத்தவைதான். புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 காசுகள். பெரும்பாலானவற்றில் அரசர் தலையின் மேல் உளியால் வெட்டியிருக்கிறார்கள். பொஸ்கோரியாலே நிறத்துக்கும் அந்த உளிவெட்டுக்கும் நான் ஒரே மதிப்புத்தான் தருவேன். இரண்டுமே அடித்தபிறகு காசுக்கு நடந்ததைச் சொல்கின்றன.

---

பட்டறைக்காரர்

கடைசி வரி அருமை ஐயா. மெருகு போட்டா ரெண்டும் போயிடும்.

---

விலைகேட்பவன்

எல்லாம் சரி. ஆனால் செய்கை நிறம் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்களே? அடுப்பில் காட்டினாலே தங்கக் காசு சிவந்துவிடும் என்று கேள்விப்பட்டேன். வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது? கூடுதல் விலை கேட்டால் எனக்குக் கை வராது.

---

உலோகவியலார்

உண்மைதான். சூடு, வீட்டில் துணி வெளுக்கும் பிளீச், அயோடின், கந்தக மருந்து எல்லாம் செம்பு கலந்த தங்கத்தில் நிறம் வரவைக்கும். கண்டுபிடிக்க ஒற்றைச் சோதனை கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொண்டு, ஒரே விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது நிறங்களின் வரிசை. படலம் தடிக்கத் தடிக்க வெளிர்மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம் என்றுதான் போகும். தங்கமே மஞ்சள் என்பதால் முதல் படி கண்ணுக்குத் தெரியாது, ஆரஞ்சிலிருந்துதான் தெரியும். இயற்கையில் ஒரு படியைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. வெறும் மஞ்சளுக்குப் பக்கத்தில் திடீரென்று ஊதா நின்று, நடுவில் ஆரஞ்சும் சிவப்பும் இல்லையென்றால் யாரோ ஏதோ ஊற்றியிருக்கிறார்கள். எல்லைக்கோட்டில்கூட லென்ஸில் பார்த்தால் குறுகலாகவாவது அந்த இடைநிறங்கள் இருக்க வேண்டும்.

அடுத்தது மினுக்கம். அடிக்கும்போது உலோகம் அச்சுக்குள் விளிம்பை நோக்கி ஓடியதால் உண்டான நுண்வரிகள் புழங்காத காசில் இருக்கும். சுழற்றினால் ஒளிக்கற்றை வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுற்றி வரும். இயற்கைப் படலம் அந்த வரிகளின் மேல் மெல்லப் படிந்தது. அதனால் நிறத்துக்கு ஊடாகவும் ஒளி தடையில்லாமல் சுற்றும். மருந்து போட்ட காசில் நிறமுள்ள இடத்துக்கு வந்ததும் ஒளி செத்துவிடும்.

மூன்றாவது, எழுத்துகளின் ஓரம். எழுத்து மேடாக நிற்பதால் அதன் ஒரு பக்கம் காற்றும் ஈரமும் குறைவாகப் படும். அங்கே சின்ன மஞ்சள் ஒளிவட்டம்போல் நிறமேறாத இடம் இருந்தால் நல்ல அறிகுறி. நிறம் எழுத்தைப் பொருட்படுத்தாமல் சொட்டு வடிவில் ஓடியிருந்தால் திரவம்.

நான்காவது, நிறம் கீறலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கீறலுக்குள்ளும் அதே நிறம் என்றால் கீறலுக்குப் பிறகு வந்த நிறம். கழுவித் தேய்த்த நுண்கீறல்களை மறைக்கத்தான் பலரும் நிறம் போடுகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

---

மேப்பிள்தெரு

உலோகவியலார் ஐயா சொன்னதோட ஒண்டைச் சேர்க்கிறன். இஞ்ச தங்கக் காசில கூடுதலா நடக்கிற மோசடி நிறம் இல்லை, புட்டி (putty) எண்ட பசை. கீறல், தழும்பை மறைக்க மெல்லிசாகப் பூசிவிடுவினம். கொஞ்சக் காலத்தில அது பனிமூட்டம் மாதிரி வெளுத்து வந்துவிடும்.

பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரித் தரச்சான்று நிறுவனங்கள் நிறம் இயற்கை எண்டு நம்பாவிட்டால் எண் மதிப்பு குடுக்காமல், "நிறம் கேள்விக்குரியது" எண்ட குறிப்போட திருப்பிவிடுவினம். அந்தக் குறிப்புள்ள காசை மலிவு எண்டு வாங்காதேங்கோ. பிறகு விக்கேலாது.

கூடுதல் விலை பற்றி விலைகேட்பவன் கேட்டார். முதல்ல நிறமில்லாமல் அந்தக் காசுக்கு என்ன குடுப்பீங்கள் எண்டு பாருங்கோ. ஆண்டு, நாணயசாலை, தேய்மானம் இதெல்லாம் சரியாக இருந்து, அதுக்கு மேல நிறமும் உங்களுக்குப் பிடிச்சிருந்தால் கொஞ்சம் கூடக் குடுக்கலாம். சாதாரணக் காசுக்கு நிறத்தை மட்டும் காட்டி இரட்டை விலை கேட்டால் நான் விட்டுவிடுவன். வெள்ளி டாலர் மாதிரி தங்கத்தில வானவில் நிறத்துக்கெண்டு பெரிய சந்தை இல்லை.

---

கற்பகம்

வணக்கம். நான் சேகரிப்பவள் இல்லை. மாமியார் எனக்குக் கொடுத்த பழைய காசுமாலை ஒன்று இருக்கிறது. அசல் சவரன்கள் கோத்தது. ஒவ்வொரு காசிலும் மேலே வளையம் வைத்திருக்கிறார்கள். அந்த வளையத்தின் அடியில் காசு சிவப்பும் ஊதாவுமாக இருக்கிறது. இங்கே படித்ததும் இதுவும் இயற்கை நிறமோ என்று தோன்றியது. சில காசுகளில் எழுத்துக்குள் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறியிருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

---

பட்டறைக்காரர்

அம்மா, வளையத்துக்கு அடியில இருக்கிறது சூட்டு நிறம். பொடி வச்சு ஊதும்போது அந்த இடம் மட்டும் தீயில காய்ஞ்சிருக்கும். ஊதினப்புறம் ஆசிட்ல முழுசாப் போடாம விட்டிருந்தா நிறம் அப்படியே நிக்கும். பாருங்க, பற்றாசு வச்ச இடத்துல அடர்த்தியா இருந்து கீழ வர வரக் குறையும். மாலையா இருக்கிற வரைக்கும் அது ஒரு குறையே இல்ல.

ஒரே ஒரு வேண்டுகோள். "வளையத்தை எடுத்துட்டு காசா வித்தா விலை ஜாஸ்தி"ன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. வளையத்தை எடுத்து அரம் போட்டா விளிம்பு வரியும் சேர்ந்து போயிடும். காசும் போச்சு, மாலையும் போச்சு.

---

உலோகவியலார்

பிசுக்குக்கு மட்டும், அதுவும் வேண்டுமென்றால் மட்டும்: தூய அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் நிறமும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத நேரத்தில், காசை மூழ்கவிட்டு எடுத்து உலரவிடுங்கள். தேய்க்க வேண்டாம். அசிட்டோன் எண்ணெயையும் பிளாஸ்டிக் பிசினையும் கரைக்கும். ஆக்சைடு, சல்ஃபைடு படலத்தைத் தொடாது. மாலையில் அரக்கு, கல், நூல் இருந்தால் முழுதாகப் போடாதீர்கள், அரக்கு போய்விடும்.

நகை கழுவும் மருந்து, பூந்திக்கொட்டை, பற்பசை, திருநீறு எதுவும் வேண்டாம்.

---

சட்டப்புத்தகம்

இழையில் தரச்சான்று பற்றிப் பேசியதால் ஒரு குறிப்பு. 1918 சவரன் நூறு ஆண்டைக் கடந்துவிட்டது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தில் நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயமும் தொல்பொருள்தான். தொல்பொருளை இந்தியாவிலிருந்து தனியார் ஏற்றுமதி செய்யச் சட்டம் இடம் தரவில்லை. சான்று வாங்கத்தானே வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறோம் என்று கூரியரில் போட்டுவிடாதீர்கள்.

நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேறு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். "மண்ணில் கிடைத்தது, அதனால்தான் இந்த நிறம்" என்று சொல்லி ஒருவர் விற்க வந்தால், நிறத்தைப் பற்றி யோசிக்கும் முன் இதை யோசியுங்கள்.

---

வைகைக்கரை

சட்டப்புத்தகம், மிக்க நன்றி. இது தெரியாமல் பலர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உலோகவியலார் சொன்னபடி லென்ஸில் பார்த்தேன். புதிய படங்கள் போட்டிருக்கிறேன், விளக்கை இரண்டு பக்கமும் மாற்றி வைத்து எடுத்தவை. வரிசை ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, தாவல் இல்லை. எழுத்துகளின் உள்பக்கம் நகக்கீற்று அளவுக்கு மஞ்சள் அப்படியே நிற்கிறது. சுழற்றினால் ஒளி ஊதாவுக்குள்ளும் போய் வருகிறது. மேப்பிள்தெரு சொன்ன வட்டத்தையும் போட்டுப் பார்த்தேன். 22 மில்லிமீட்டர் வட்டம் பிறையின் உள்விளிம்பில் சரியாகப் பொருந்துகிறது.

படத்தில் இன்னொன்றும் தெரிகிறது: அரசரின் தாடிக்கு முன்னால் வெற்றிடத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக வளைந்து.

---

உலோகவியலார்

அது கைரேகை. யாரோ எப்போதோ பெருவிரல் பதித்திருக்கிறார். வியர்வையில் இருக்கும் உப்பு செம்பைத் தூண்டி அந்தக் கோடுகளில் மட்டும் நிறம் ஏறியிருக்கிறது. செம்பு கலந்த தங்கத்தில் அடிக்கடி காண்பதுதான். போகாது, போக்கவும் முயல வேண்டாம்.

நீங்கள் விவரித்த எல்லாமே இயற்கை நிறத்தோடு ஒத்துப்போகின்றன. படத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் உறுதி சொல்வது முறையல்ல. நேரில் பார்க்கும் ஒருவரிடமும் காட்டுங்கள்.

பத்திரப்படுத்துவது பற்றி: பிவிசி உறை வேண்டவே வேண்டாம். நாளடைவில் அமிலம் கசிந்து பச்சைப் பிசின் படியும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறை அல்லது காசின் அளவுக்கேற்ற அக்ரிலிக் கூடு போதும். நகைக்கடைகளில் சுற்றித் தரும் ரோஸ் தாள், வெல்வெட் பெட்டி, ரப்பர் பேண்ட், செய்தித்தாள் எல்லாம் தள்ளி வையுங்கள். பீரோவில் அந்துருண்டை போடும் பழக்கம் இருந்தால் காசு அந்தத் தட்டில் இருக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

---

கற்பகம்

எல்லோருக்கும் நன்றி. வளையத்தில் கை வைக்கவில்லை. பிசுக்கையும் அப்படியே விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். மாலையில் ஒரு காசு மட்டும் மற்றவற்றைவிட வெளிர்மஞ்சளாக இருக்கிறது. குதிரை வீரர் இல்லை. ஒரு பக்கம் ராணியின் தலை, கூந்தலில் இலையும் பூவும் சுற்றியதுபோல் இருக்கிறது. மறுபக்கம் மாலை வடிவத்துக்குள் ஆஸ்திரேலியா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இது தேய்த்துக் கழுவியதால் வெளுத்ததா?

---

மேப்பிள்தெரு

அக்கா, அது சிட்னி நாணயசாலைச் சவரன்! கூந்தலில இருக்கிறது பேங்க்சியா எண்ட ஆஸ்திரேலியச் செடி. அந்தத் தலையுள்ள காசுகள் 1857இல இருந்து 1870 வரைக்கும் அடிச்சவை. மேல "சிட்னி மின்ட்" எண்டு இருக்கும், பாருங்கோ.

---

உலோகவியலார்

சிட்னியின் தொடக்க காலக் காசுகளில் செம்புக்குப் பதில் வெள்ளி கலந்தார்கள். லண்டன் சவரனைவிட வெளிர்மஞ்சளாக அவை தெரிவதற்கு அதுவே காரணம். உங்கள் காசின் நிறமும் கழுவியதால் வந்ததாக இல்லாமல் உடம்பு நிறமாகவே இருக்கலாம். டலோனிகா பற்றி மேலே சொன்னதும் இதே கதைதான். ஆண்டு தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள், மாலையிலிருந்து கழற்றாமல்.

---

பட்டறைக்காரர்

அம்மா, படம் எடுக்குற வரைக்கும் மாலையை எந்தக் கடையிலயும் மெருகுக்குக் கொடுத்துடாதீங்க. ஆண்டு காசு மேல எங்க இருக்கும்னா, ராணி கழுத்துக்கு நேர் கீழ.

---

கற்பகம்

1866. எழுத்தெல்லாம் நன்றாகவே தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன்.